ஏர் மார்ஷல் சிவசைலத்தைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது என் முதுகுக்குன்னு செஞ்சது, வேற யாருக்கும் ஒத்துக்காது. சோபாவுல உட்காருங்க.

போன்ல சொன்னீங்க. அம்பாசமுத்திரத்துல அவன் படிச்ச பள்ளிக்கூடத்துல நினைவு மலர் போடறோம், கூட வேலை பார்த்தவங்ககிட்ட நல்லதா ரெண்டு வார்த்தை வாங்கிட்டு இருக்கோம்னு. என் நம்பரை யார் குடுத்தது? அவன் சம்சாரமா? அதானே பார்த்தேன்.

ஆள் மாறி வந்துட்டீங்க. இந்தச் சேலையூர்லயே ரிட்டையர் ஆன ஏர்ஃபோர்ஸ்காரங்க எத்தனையோ பேர் இருக்காங்க. எவன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஏர் மார்ஷல் சிவசைலம் மாதிரி மனுஷன் உண்டான்னு கண்ணைத் துடைப்பான். நான் துடைக்க மாட்டேன். நான் அவன் கோர்ஸ்மேட். ஒரே நாள்ல அகாடமிக்குள்ள நுழைஞ்சோம், ஒரே நாள்ல தோள்ல பட்டை குத்தினாங்க. அவன் ஏர் மார்ஷலா ரிட்டையர் ஆனான். நான் ஏர் கமடோர். நடுவுல ரெண்டு படி இருக்கு. அந்த ரெண்டு படியை யார் உடைச்சாங்கன்னு கேளுங்க, சொல்றேன்.

ரெக்கார்ட் பண்றீங்களா? நல்லது. கிட்ட வையுங்க. நான் சொல்றது ஒண்ணு, நீங்க எழுதறது ஒண்ணுன்னு ஆகக் கூடாது.

எனக்குப் பரமக்குடி. அப்பாவுக்கு சைக்கிள் கடை. அகாடமியில எங்க கோர்ஸ்ல தமிழ் பேசறவங்க நாங்க ரெண்டே பேர்தான். மத்தவன் எல்லாம் இங்கிலீஷ்லயே கனவு காணறவன். நாங்க ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில எந்தக் கரண்டி எதுக்குன்னு ஒருத்தன் தட்டை ஒருத்தன் பார்த்துக் கத்துக்கிட்டோம். அவன் என்னைக் கோடிம்பான். தனுஷ்கோடிங்கற பேரை அப்படிச் சுருக்கினது அவன்தான். இன்னைக்கு வரைக்கும் ஏர்ஃபோர்ஸ் பூரா எனக்கு அந்தப் பேர்தான். அதையும் அவன்தான் வச்சான், பாருங்க.

இப்ப ஊரெல்லாம் அவன் பெரிய விமானின்னு பேசுது. ஆரம்பத்துல அவனுக்கு மேலே போனா வாந்தி. உங்க மலர்ல இது வராதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். பயிற்சி விமானத்துல வாத்தியார் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே ரெண்டு தடவை எடுத்துட்டான். மறுபடியும் எடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு வாத்தியார் சொல்லிட்டார். அவன் அப்புறம் தனியாப் போய் வந்த ஒரு நாள், இறங்கினவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. அதே விமானத்துல அடுத்து நான் போகணும். ஏறிப் பார்க்கறேன், உள்ளே எல்லாம் வாந்தி. என் கைக்குட்டையை எடுத்துத் துடைச்சேன். மெக்கானிக் பார்த்துட்டான், வாத்தியார் காதுக்குப் போயிடுச்சு. யாருன்னு கேட்டார். நான்தான் சார், காலையில சாப்பிட்டது ஒத்துக்கலைன்னேன். என்னை அவர் திட்டின திட்டு இப்பவும் காதுல இருக்கு.

அதாவது அன்னைக்கு நான் ஒரு பொய் சொல்லலைன்னா, அவன் பெட்டியைத் தூக்கிட்டு அம்பாசமுத்திரத்துக்கு ரயில் ஏறியிருப்பான். ஏர் மார்ஷலும் கிடையாது, நினைவு மலரும் கிடையாது. நீங்களும் இங்க வந்து இந்த வெயில்ல கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்.

காபி எடுத்துக்கங்க. இவதான் என் சம்சாரம், பூங்கோதை. நான் பேசறதுக்கு நடுவுல ஏதாவது சொல்லுவா. அதை எழுத வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வரேன். ரெண்டு பேரும் ஸ்குவாட்ரன் லீடர் ஆனதுக்கு அப்புறம், வடக்கே ஒரே தளத்துல இருந்தோம். போர் விமானம். கோடைக்காலம். தரையில வச்ச இலக்கைப் பார்த்துச் சுடற பயிற்சிக்கு ரெண்டு விமானமாப் போனோம். நான் லீடர், அவன் எனக்குப் பின்னால. அன்னைக்கு நான் சுட்டது ஒண்ணும் சரியா விழலை. அவன் சுட்டதெல்லாம் நடுவுல விழுது. ரேடியோவுல கூப்பிடறான்: லீடர், எரிபொருள் குறைஞ்சாச்சு, திரும்பலாம். நான் சொன்னேன், இன்னும் ஒரு சுற்று.

ஒரு சுற்றுதான் தம்பி. இதுல என்ன தப்பு இருக்கு? எந்த விமானியும் செய்யறதுதான்.

திரும்பி வரும்போது தளத்தை மணற்புயல் மூடிடுச்சு. மேலேயிருந்து பார்த்தா பழுப்பா ஒரு போர்வை. நடுவுல கொஞ்சம் விலகினப்போ ஓடுபாதை தெரிஞ்சுது. நான்தான் அவனை முதல்ல இறங்கச் சொன்னேன். லீடர் நான், எனக்கு அடுத்தவன் உயிர் என் பொறுப்பு. அவன் இறங்கிட்டான். எனக்கு முறை வரும்போது மறுபடி மூடிக்கிச்சு, எரிபொருளும் தீர்ந்துச்சு. இருக்கையோட வெளியே குதிச்சேன். அந்த வேகத்துல முதுகெலும்பு நசுங்கிச்சு. இந்த நாற்காலி அதுக்குத்தான். விமானம் ஒரு வயல்ல போய் விழுந்துச்சு. அங்க ஒரு குடியானவனுக்குக் கால் போச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்லை, கால்தான். சிவசைலம் அப்புறம் வருஷா வருஷம் அந்த ஆளைப் போய்ப் பார்ப்பான், அவர் பொண்ணு கல்யாணத்துல போய் நின்னான்னு சொல்லுவாங்க. பேர் வாங்கறது எப்படின்னு அவன்கிட்டதான் கத்துக்கணும்.

விசாரணை வச்சாங்க. நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். முந்தின நாள் சாயங்காலம் வரான். ஆரஞ்சுப் பழம் உரிச்சுக் குடுக்கறான். குடுத்துட்டுச் சொல்றான்:

"கோடி, நாளைக்கு என்கிட்ட கேட்டா நான் நடந்ததைச் சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. ஒரு சுற்று கூடப் போயிட்டேன்னு சொல்லு. இதோட போயிடும்."

மிரட்டல் தம்பி. வாயில ஆரஞ்சைத் திணிச்சுட்டு மிரட்டறான். மறுநாள் அதிகாரிங்க என் கட்டிலைச் சுத்தி உட்கார்ந்து கேட்டப்போ, ரேடியோ சரியில்லை, அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லைன்னு சொன்னேன். அடுத்து அவனைக் கேட்டாங்க. அவன் என்ன சொல்லியிருக்கலாம்? ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். அத்தனை இரைச்சல்ல, அத்தனை பதட்டத்துல, யாருக்கு ஞாபகம் இருக்கும்? ரெண்டே வார்த்தை. நீங்க இன்னைக்கு என்கிட்ட கேட்கற மாதிரி ரெண்டே வார்த்தை. அவன் சொல்லலை. கூப்பிட்டேன், லீடர் பதில் சொன்னார், இன்னும் ஒரு சுற்றுன்னார்னு அப்படியே ஒப்பிச்சுட்டான். தன்னை முதல்ல இறங்கவிட்டதும் லீடர்தான்னும் சொன்னான். அதையும் சொன்னான், இல்லைங்கலை. அதனால எனக்கு என்ன ஆகப்போகுது?

மேலிடத்தோட கடும் அதிருப்தின்னு என் பேருக்கு நேரா எழுதினாங்க. விமானம் போனதுக்குக்கூட இல்லை தம்பி, பொய் சொன்னதுக்கு. முதுகு போனதால போர் விமானத்துல மறுபடி உட்கார முடியலை. சரக்கு விமானத்துல போட்டாங்க. அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாயும் தூக்கிட்டு மலைக்கும் சமவெளிக்கும் அலைஞ்சேன். அவன் ஸ்குவாட்ரனுக்குத் தலைவன் ஆனான், தளத்துக்குத் தலைவன் ஆனான், வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போனான். நான் ஏர் கமடோர் வரைக்கும் தவழ்ந்து வந்தேன். அடுத்த படி ஏர் வைஸ் மார்ஷல், அந்தப் பட்டியல்ல என் பேர் வரலை.

பார்த்தீங்களா, ஆரம்பிச்சுட்டா. அதுக்குக் காரணம் சிவசைலம் இல்லையாம். நான் என் மேலதிகாரியை மெஸ்ல எல்லார் முன்னாடியும் முட்டாள்னு சொன்னதுதான் காரணமாம். அவர் முட்டாள்தான் பூங்கோதை. உண்மையைச் சொன்னா யாரும் பதவி குடுக்காம இருப்பாங்களா? போ, உள்ளே போ.

கடைசியா என்னை ஒரு தேர்வுக் குழுவுக்குத் தலைவரா அனுப்பினாங்க. ஏர்ஃபோர்ஸ்ல அதிகாரியாச் சேர வர்ற பசங்களைப் பார்த்து, இவன் ஆவான், இவன் ஆக மாட்டான்னு பொறுக்கற வேலை. ஓரம் கட்டினவங்களுக்குத் தர்ற வேலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் சந்தோஷமாத்தான் போனேன். ஏன்னு அப்ப எனக்கே தெரியாது.

ஒரு நாள் வந்த பசங்க பட்டியல்ல ஒரு பேர். பரணிதரன். அப்பா பேர் சிவசைலம். அவன் அப்ப ஏர் வைஸ் மார்ஷல்.

தெரிஞ்சவங்க பிள்ளை வந்தா எனக்குத் தெரிஞ்சவன்னு சொல்லி ஒதுங்கிக்கணும், வேற அதிகாரி பார்ப்பார். அதுதான் முறை. நான் ஒதுங்கலை. சிவசைலம் எனக்குத் தெரிஞ்சவன் இல்லை, எதிரி. எதிரியோட பிள்ளையைப் பார்க்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லை.

நேர்காணல் நானே எடுத்தேன். பையன் அவனை மாதிரியே. அதே காது, அதே மெதுவான பேச்சு. கேட்டதுக்கெல்லாம் சரியாப் பதில் சொன்னான். கடைசியில கேட்டேன், உங்கப்பா என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?

"சொல்லியிருக்கார் சார். தாழப் பறக்கறதுல கோர்ஸ்லயே உங்களை மிஞ்ச ஆள் கிடையாதுன்னு சொல்லுவார்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொன்னதில்லை சார்."

எப்படித் தயார் பண்ணி அனுப்பியிருக்கான் பாருங்க. நீ எதுக்குப் பறக்கணும்னு கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் பின்னங்காலைத் தூக்கிட்டு நொண்டி நொண்டிப் போகுது. பையன் கண்ணு அது பின்னாடியே போகுது. என் கேள்வி காதுல விழலை. திரும்பக் கேட்டதும் திடுக்கிட்டு, நாட்டுக்குச் சேவை, அப்பாவோட வழின்னு புத்தகத்துல இருக்கறதைச் சொன்னான். அங்க எனக்கு ஒரு ஓட்டை தெரிஞ்சுது.

முடிவு செய்யற கூட்டம். மைதானத்துல சோதனை வச்ச அதிகாரி, நல்ல பையன் சார், எடுத்துக்கலாம்னார். மனோதத்துவம் பார்க்கற டாக்டரம்மா கொஞ்சம் இழுத்தாங்க. ஆசை அப்பாவோடதா இவனோடதான்னு சந்தேகமா இருக்கு, ஆனா பயிற்சியில சரியாகலாம், தலைவர் சொல்றபடி செய்யலாம்னாங்க. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கறாங்க. அந்த நிமிஷத்துக்காக நான் எத்தனை வருஷம் அரிசி மூட்டை தூக்கியிருக்கேன். வேண்டாம்னேன்.

தேறினவங்க நம்பரை வாசிச்சாங்க. அவன் நம்பர் வரலை. நான் மாடியில நின்னு பார்த்துட்டே இருந்தேன். மத்த பசங்களோட பஸ்ஸுக்குப் போனவன், பெட்டி மேல உட்கார்ந்து ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டான். தோள் குலுங்குது. அன்னைக்கு நான் ரெண்டு தடவை சாதம் போட்டுச் சாப்பிட்டேன்னு பூங்கோதை இன்னும் சொல்லுவா.

அப்புறம் காத்திருந்தேன். அவன் போன் பண்ணுவான், என் பையனை ஏன் தள்ளினேன்னு கேட்பான், எந்தப் பையன், ஞாபகம் இல்லையேன்னு சொல்லலாம்னு. குளிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்ப்பேன். அவன் கூப்பிடவே இல்லை. கோர்ஸ்மேட்ஸ் கூடற விருந்துல பார்த்தேன். முட்டி வலிக்குது கோடி, உன் முதுகு எப்படி இருக்குன்னான். பையனைப் பத்தி ஒரு பேச்சு இல்லை. ஏர் மார்ஷல் ஆனான், ரிட்டையர் ஆனான், ஊரோட போயிட்டான். ஒரு பேச்சு இல்லை.

சில வருஷம் கழிச்சுக் கல்யாணப் பத்திரிகை வருது. பரணிதரன், கால்நடை மருத்துவர்னு போட்டிருக்கு. நான் போக மாட்டேன்னேன். இவ புடவை எடுத்து வச்சுட்டா. அம்பாசமுத்திரத்துல மண்டபம். சாப்பிட்டுக் கிளம்பலாம்னு பார்த்தா, சிவசைலம் சம்சாரம் ஆவுடையம்மா என் கையைப் பிடிச்சு மேடைக்கு இழுத்துட்டுப் போறாங்க. அத்தனை சனம் முன்னாடி எனக்குப் பொன்னாடை போர்த்தறாங்க. போர்த்திட்டு அழறாங்க.

"அண்ணாச்சி, வீட்டு வாசல்ல ஜீப் வந்து நின்னா போதும், என்ன சேதியோன்னு எனக்கு உசுரு போயி உசுரு வரும். இவுக முப்பது வருசம் பறந்தாக, நான் முப்பது வருசம் அப்படித்தான் கெடந்தேன். எம் புள்ளையும் அதுக்குப் போறேன்னு கெளம்பிட்டான், அப்பாவுக்காக. வேண்டாம்னு சொல்ல எனக்கும் வாய் வரல, அவனுக்கும் வரல. நீங்கதான் சொன்னிய."

பையன் காலைத் தொட்டுக் கும்பிடறான். அன்னைக்குப் பெட்டி மேல உட்கார்ந்து அழுதியேன்னு கேட்டேன். சிரிக்கறான். நிம்மதியில அழுதுட்டேன் மாமாங்கறான். மாமாவாம்.

நான் அடிச்ச அடி தம்பி. வருஷக்கணக்கா ஓங்கி வச்சிருந்து அடிச்ச அடி. அதுக்குப் பொன்னாடை போர்த்தறாங்க. சிவசைலம் ஓரமா நின்னு பார்த்துட்டு இருக்கான். அந்தப் பொன்னாடையைத் திருநெல்வேலி ஜங்ஷன்ல பெஞ்சு மேலேயே விட்டுட்டு ரயில் ஏறினேன். இவ எடுத்துட்டு வந்துட்டா. உள்ளே பீரோவுல இருக்கு, வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க.

போன மாசி மாசம், அவனுக்குப் புற்றுநோய், இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அன்னைக்கே கிளம்பினேன். பழைய சிநேகிதனைப் பார்க்கப் போறேன்னு இவ நினைச்சுக்கிட்டா. நான் போனது வேற காரியத்துக்கு. அவன் தெரிஞ்சுக்காமச் சாகக் கூடாது. பெரிய மனுஷன் கோடி, என் பையன் மனசைப் புரிஞ்சு நல்லது செஞ்சான்னு நினைச்சுக்கிட்டே அவன் நிம்மதியாக் கண்ணை மூடறதா? விட மாட்டேன்.

கட்டில்ல கிடந்தான். பாதி ஆளா இருந்தான். பரணி அவனுக்கு ஸ்பூன்ல கஞ்சி குடுத்துட்டு இருந்தான். நான் தனியாப் பேசணும்னேன். பையன் வெளியே போனதும் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டேன். வேற பேச்சே பேசலை.

"சைலம், உன் பையன் நல்லாத்தான் பண்ணினான். எடுத்திருக்கலாம். உன் பிள்ளைங்கறதுக்காகவே வேணும்னு தள்ளினேன்."

அவன் என்னைப் பார்த்தான். கஞ்சி கொஞ்சம் மோவாயில ஒட்டியிருந்துச்சு.

"தெரியும்டா. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை?"

"கேட்டிருந்தா நீ பொய் சொல்லியிருப்பே. உன்னை இன்னொரு தடவை பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரலை, கோடி."

கேட்டீங்களா? சாகப் போறவன் பேச்சா இது? இன்னொரு தடவையாம். விசாரணையில நான் சொன்னதைக் குத்திக் காட்டறான். சாகற கட்டில்ல படுத்துக்கிட்டு என்னைப் பொய்யன்னு சொல்றான். இவகிட்ட வந்து சொன்னேன். அகாடமியில நீங்க அவருக்காகச் சொன்ன பொய்யைச் சொல்லியிருப்பாருன்னு சொல்றா. இவளுக்கு என்ன தெரியும்? அதெல்லாம் அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

நான் கோபத்துல எழுந்துட்டேன். கிளம்பியிருக்கணும். மோவாயில கஞ்சி இருக்கேன்னு துடைச்சுவிட்டேன், அவ்வளவுதான். அதுக்குள்ள அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். பிடியில பலமே இல்லை. இருந்தாலும் விடுவிச்சுக்க முடியலை, அவன் தூங்கற வரைக்கும் உட்கார வேண்டியதாப் போச்சு.

பங்குனியில போயிட்டான். சாவுக்கும் போனேன். போகாம இருந்தா, பாரு, கோடி வரலைன்னு அவனுக்குத்தான் இன்னும் நல்ல பேர். ஏர்ஃபோர்ஸ்லேருந்து ஆள் வந்திருந்தாங்க, துப்பாக்கி மரியாதை, எல்லாம் இருந்துச்சு. கொடி போர்த்தி வச்சிருந்தாங்க. ஒரு இளவட்ட அதிகாரி முதல் மலர்வளையத்தோட நிக்கறான். ஆவுடையம்மா வந்து, அண்ணாச்சிதான் முதல்ல வைக்கணும், அவுக சொல்லிட்டுப் போயிருக்காகன்னாங்க. எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொல்ல முடியுமா? வச்சேன். வச்சா ஒரு அடி பின்னால போய் சல்யூட் அடிக்கணும். தொப்பி இல்லாம அடிக்கக் கூடாது. என்கிட்ட தொப்பி இல்லைன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு பார்த்தேன். இவ பையிலேருந்து எடுத்து நீட்டறா.

அடிச்சேன். அவன் எனக்கு மேலதிகாரி, அடிச்சுத்தான் ஆகணும்.

ஏர்ஃபோர்ஸ்ல ஒரு ஒழுங்கு இருக்கு தம்பி, உங்களுக்குத் தெரியாது. கீழே உள்ளவன் கையைத் தூக்கினா, மேல உள்ளவன் பதில் சல்யூட் வைக்கணும். அவன் வச்சதுக்கு அப்புறம்தான் கீழே உள்ளவன் கையை இறக்கலாம். நான் கையைத் தூக்கினேன். அவன் பதில் வைக்கலை. அவன் வைக்காம நான் எப்படி இறக்கறது? நின்னேன். துப்பாக்கி வெடிச்சு முடிஞ்சுது. அந்த இளவட்ட அதிகாரி பக்கத்துல வந்து சார், சார்னு மெதுவாக் கூப்பிட்டான். அவனுக்குத் தெரிய வேண்டாமா ஒழுங்கு? நான் இறக்கலை. கூட்டம் பூராப் பார்க்குது. முதுகு விண்ணு விண்ணுங்குது. கடைசியில பரணிதான் வந்து, மாமா போதும்னு என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டான்.

எழுதிக்கங்க. நல்லதா ரெண்டு வார்த்தை என்கிட்ட இல்லை. ஏர் மார்ஷல் சிவசைலம், கோடி வச்ச சல்யூட்டுக்குப் பதில் வைக்காமப் போயிட்டான்னு எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க.